பின் குத்தினால் போதும்

ஜூன் 17, திங்கள்

மனையியல் பிரிவை இழுத்து மூடிவிட்டார்கள். சேர ஆளில்லையாம். இருபது வருடத்துக்கு மேல் இந்தப் பள்ளிக்கூடத்தில் காஜா எடுக்கவும் கஞ்சி போடவும் சொல்லிக்கொடுத்தவளுக்கு இன்று புது உத்தியோகம் கிடைத்திருக்கிறது. தொழிற்கூடத்தின் மூலையில் நாற்காலி போட்டு உட்கார வேண்டும்.

பதினொன்றாம் வகுப்புத் தொழிற்பிரிவில் இந்த ஆண்டு பையன்களோடு ஆறு பெண்பிள்ளைகளும் சேர்ந்துவிட்டார்கள். சொல்லிக்கொடுப்பவர் ஆண். ஆகவே கூட ஒரு பொம்பளை இருந்தாக வேண்டும் என்று தலைமையாசிரியை சுகந்தாமணி அம்மாள் முடிவுசெய்து, சும்மா இருக்கும் பொம்பளை யார் என்று தேடியிருக்கிறார். நான் கிடைத்தேன்.

“கோகிலம் மிஸ், நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. சும்மா இருந்தாப் போதும். பொம்பளப் புள்ளைங்க பாதுகாப்புக்கு.”

சும்மா இருப்பதற்கு நான் எம்.எஸ்சி. படித்திருக்க வேண்டியதில்லை.

தொழிற்கூடம் சைக்கிள் கொட்டகைக்கும் கழிப்பறைக்கும் நடுவில் இருக்கிறது. வாசலில் தாளாளர் நல்லசேனாபதி ஐயாவின் படத்தோடு பெரிய பலகை: ‘பாதுக்காப்பே முதன்மை’. நடுவில் ஒரு ‘க்’ அதிகம். தேவைக்கு மேலேயே பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டிக்கொள்கிறார்கள் போலிருக்கிறது.

ஜூன் 19, புதன்

சொல்லிக்கொடுப்பவர் பெயர் மெய்யரசு. தற்காலிக நியமனம். என் மகனைவிடச் சின்னவர். பேசும்போது தரையையே பார்க்கிறார். பாடம் தரைக்குத்தான் என்றால் நாங்கள் எல்லாம் எதற்கு என்று தெரியவில்லை.

மூன்று மிஷின்கள் இருக்கின்றன. நின்றபடி துளை போடும் டிரில்லிங் மிஷின், சாணை மிஷின், மரம் அறுக்கும் வட்ட ரம்பம். இன்று ஒன்றையும் ஓட்டவில்லை. பூராவும் ‘கூடாது’தான். தொளதொளவென்ற துணி கூடாது. வளையல், மோதிரம், வாட்ச் கூடாது. முடியைத் தொங்கவிடக் கூடாது, வாரிக் கட்டித் தொப்பிக்குள் போட வேண்டும். கண்ணாடி போடாமல் கிட்டே வரக் கூடாது. ஒருத்தர் ஓட்டும்போது இன்னொருத்தர் பேச்சுக் கொடுக்கக் கூடாது. பேசாமல் மிஷினே கூடாது என்று சொல்லிவிட்டால் எல்லோரும் நேரத்தோடு வீட்டுக்குப் போகலாம்.

அப்புறம் ஒரு கண்ணாமூச்சி. ஒவ்வொரு பிள்ளையையும் கண்ணை மூடிக்கொண்டு மிஷின் முன்னால் நிற்கச் சொன்னார். அவர் கை தட்டினதும் சிவப்புப் பொத்தானைத் தேடாமல் அடிக்க வேண்டும்.

“ஓட்டத் தெரியறதுக்கு முன்னாடி நிறுத்தத் தெரியோணுமுங்க” என்று தரையிடம் சொன்னார்.

பிள்ளைகள் சிரித்துக்கொண்டே அடித்தார்கள். சுவாதிகா என்று ஒருத்தி மட்டும் சிரிக்கவில்லை. ஒரு தடவைகூடத் தவறவும் இல்லை. ரொம்பத்தான்.

பையன்கள் கையில் கட்டியிருந்த சாமிக் கயிறுகளையும் கழற்றச் சொன்னார். முணுமுணுத்துக்கொண்டே கழற்றி ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டார்கள்.

ஜூன் 21, வெள்ளி

தாளாளர் ஐயா புகைப்படக்காரரோடு வந்தார். பிள்ளைகளுக்குத் தோல் கையுறை அன்பளிப்பு. ஆளுக்கொரு ஜோடி மாட்டிக்கொண்டு டிரில்லிங் மிஷினைக் கட்டிப்பிடித்தபடி நிற்க, படம் எடுத்தார்கள்.

கார் கிளம்பிப் போன பிறகு மெய்யரசு என்னிடம் வந்து, “டிரில்லிங் மிஷின்ல கையுறையே போடக் கூடாதுங்க மேடம். சுத்தறது துணியப் புடிச்சா கையும் சேந்து போயிரும்” என்றார்.

கார் கிளம்பிப் போன பிறகு. என்னிடம். எப்பேர்ப்பட்ட தைரியசாலி!

கண்ணுக்குப் போடும் கண்ணாடிகளோ, கீறல் விழுந்துவிடும் என்று தலைமையாசிரியை அறை பீரோவில் பத்திரமாகப் பூட்டியிருக்கின்றன. பிள்ளைகளின் கண்ணில் கீறல் விழுந்தால் பரவாயில்லை போல. நானே போய்ச் சாவி வாங்கி எடுத்துவந்தேன். தூசி விழுந்தால் என்னிடம்தானே வந்து அழுவார்கள், அதற்காக.

ஜூன் 26, புதன்

துப்பட்டா விவகாரம் வெடித்துவிட்டது.

மெய்யரசுக்குப் பெண்பிள்ளைகளிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. “அந்த… மேல இருக்கற… துணி… மேடம், நீங்க சொல்லுங்க” என்றார். “துப்பட்டாவைக் கழட்டி அந்த மேஜைமேல வைங்கடி” என்றேன். வைத்தார்கள். அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை உள்ளே வந்தார்.

“என்ன மிஸ் இது? வயசுக்கு வந்த புள்ளைங்க. பசங்க இருக்கறாங்க, ஆம்பள சார் இருக்கறாரு. நாளைக்கு ஒண்ணுன்னா ஆரு பதில் சொல்றது?”

“மிஷின்ல மாட்டிக்குமுங்க மேடம்.”

“ரெண்டு பக்கமும் பின் குத்தினாப் போதுமுங்க. நுனிய இடுப்புல சொருகிக்கட்டும். பாதுகாப்பு முக்கியம்.”

மெய்யரசும் பாதுகாப்பு என்கிறார், சுகந்தாமணி அம்மாளும் பாதுகாப்பு என்கிறார். இரண்டு பேரும் வேறு வேறு உறுப்பைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இனி வகுப்புக்கு முன்னால் பின் சரியாகக் குத்தியிருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. ஜன்னலில் தொங்கும் கயிறுகளைப் பற்றி ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை.

ஜூலை 4, வியாழன்

மெய்யரசு தன் பங்குக்கு ஒரு முடிவு எடுத்திருக்கிறார். துப்பட்டாவோடு எந்தப் பிள்ளையும் மிஷினைத் தொடக் கூடாது. அது நியாயம்தான். ஆனால் அதைத் தலைமையாசிரியையிடம் போய்ச் சொல்ல மாட்டார். ஆகவே பையன்கள் ஸ்டூல் செய்கிறார்கள், பெண்பிள்ளைகள் அதற்கு உப்புத்தாள் தேய்க்கிறார்கள்.

சுவாதிகா நேராக என் நாற்காலிக்கு வந்தாள். “மிஸ், அவனுக அறுக்கறானுக, துளை போடறானுக. நாங்க தேச்சுக் குடுக்கறோம். இதுக்கு எங்கூட்டுலயே பாத்திரம் தேச்சுட்டு இருந்திருப்பனுங்களே.”

“வாயக் குறை” என்றேன்.

அவள் அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா விசைத்தறிக்குப் போகிறாள். டைப்ரைட்டிங் பிரிவில் சேர் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றார்களாம். இவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்து இங்கே வந்திருக்கிறாள். கோயமுத்தூரில் ஏதோ பம்பு கம்பெனியில் பெண்களைப் பயிற்சிக்கு எடுக்கிறார்களாம், அங்கே போக வேண்டுமாம். கனவுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கையில் இருப்பது உப்புத்தாள்.

ஜூலை 12, வெள்ளி

உப்புத்தாள். தும்மல். உப்புத்தாள்.

ஜூலை 23, செவ்வாய்

பிள்ளைகளை எல்லாம் விளையாட்டுப் போட்டிக்கு அழைத்துப் போய்விட்டார்கள். எவ்வளவு நேரம்தான் சுவரைப் பார்ப்பது? அந்த டிரில்லிங் மிஷின் அப்படி என்னதான் செய்கிறது என்று கேட்டேன். பொழுது போகாமல் கேட்டதுதான்.

மெய்யரசு என்னையும் கண்ணை மூடி சிவப்புப் பொத்தானை அடிக்கவைத்துவிட்டுத்தான் கிட்டே விட்டார். வளையலையும் வாட்சையும் கழற்றினேன். முந்தானையை இழுத்துச் சொருகி, அவருடைய காக்கிக் கோட்டை மாட்டிக்கொண்டேன். கண்ணாடியில் பார்க்கச் சகிக்காது.

கட்டையை இறுக்கிப் பிடிக்கும் பிடிப்பில் வைத்து, கைப்பிடியை இறக்கினேன். மரம் சுருள் சுருளாக வெளியே வந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கட்டை வீணாகக் கூடாதே என்று இன்னும் மூன்று துளை போட்டேன்.

அந்தக் கட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறேன். சாப்பாட்டு மேஜை ஆடுகிறது, அதற்கு முட்டுக் கொடுக்கலாம். இன்னும் கொடுக்கவில்லை. பீரோவில் இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

துளை போட வேண்டும் என்று தினமும் கேட்கிறேனே என்று மெய்யரசு ஏதாவது நினைத்துக்கொள்வார் என்று இன்று கேட்கவில்லை. அவரே கேட்டார். மனிதர் மனம் நோகக் கூடாதே என்று போட்டேன். இரும்புத் தகட்டில். மரத்தைவிட நன்றாக இருக்கிறது.

சுவாதிகா உப்புத்தாளைக் கையில் வைத்துக்கொண்டு நான் போடுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். வேலையைப் பார் என்று ஒரு சத்தம் போட்டேன்.

ஆகஸ்ட் 29, வியாழன்

தலைமையாசிரியை கூப்பிட்டார். செய்முறைத் தேர்வில் ஒவ்வொரு பிள்ளையும் மிஷினில் வேலை செய்து காட்ட வேண்டும். நம் பெண்பிள்ளைகள் இதுவரை மிஷினைத் தொட்டதே இல்லை.

“அதான் யோசிச்சனுங்க. காலாண்டு முடிஞ்சதும் ஆறு பேரையும் டைப்ரைட்டிங்குக்கு மாத்திப்போட்டா பிரச்சினை இல்ல பாருங்க.”

“துப்பட்டாவ எடுத்துட்டா இன்னும் பிரச்சினை இல்லைங்களே மேடம்.”

“நீங்களே இப்படிப் பேசலாமுங்களா? நம்மூர்ப் பெத்தவங்க ஒத்துக்குவாங்களா?”

எந்தப் பெற்றவர் வந்து சொன்னார் என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. சொல்லிவிடுவார்களோ என்று இவரே பயந்து, அவர்கள் சார்பில் இவரே மறுத்தும்விட்டார். எத்தனை சுலபமான நிர்வாகம்!

நான் ஏன் இவ்வளவு பேசினேன் என்று தெரியவில்லை. உப்புத்தாள் சத்தம் தலைவலியைக் கிளப்புகிறது, அதுதான் காரணமாக இருக்கும்.

செப்டம்பர் 11, புதன்

மெய்யரசைப் பிடித்துக் கேட்டேன். “தாளாளர்கிட்டப் போய் நேராச் சொல்ல வேண்டியதுதானே? புள்ளைங்க படிப்புப் போகுது.”

“நான் தற்காலிகமுங்க மேடம். வாயத் திறந்தா அடுத்த மாசம் வேற ஆளு.”

“அதுக்கு? பயந்துட்டே நிப்பீங்களா?”

முதல் தடவையாகத் தரையிலிருந்து கண்ணை எடுத்தார். “நீங்க நிரந்தரமுங்களே மேடம்.”

இவருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. பஸ்ஸுக்கு இன்னும் நிறைய நேரம் இருந்தது என்றாலும் கிளம்பிவிட்டேன்.

அக்டோபர் 9, புதன்

நாளை பள்ளியில் ஆயுத பூஜை. தாளாளர் ஐயா வருகிறார். மிஷின்களைக் கழுவித் துடைத்துச் சந்தனம், குங்குமம் வைக்கும் வேலை நடக்கிறது. ஆர்வத்தில் பையன்கள் பொத்தான்களையும் விடவில்லை. பச்சை, சிவப்பு எல்லாம் ஒரே சந்தனம். மெய்யரசு துடைத்துக்கொண்டே வந்தார், அவர் பின்னாலேயே அவர்கள் வைத்துக்கொண்டே வந்தார்கள்.

அக்டோபர் 10, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டிரில்லிங் மிஷினுக்குச் செவ்வந்தி மாலை. மாலையைத் தொங்கவிட அதில் தோதான இடம், துளைமுனையைப் பிடித்துச் சுற்றும் அந்தக் கழுத்துதான். அங்கேயே போட்டுவிட்டார்கள். மெய்யரசு முன்யோசனையாக பிளக்கைப் பிடுங்கி வைத்திருந்தார். அதுவரை சரி.

தாளாளர் ஐயாவுக்குத் தலைமையாசிரியை பொன்னாடை போர்த்தினார். பூஜை நடந்தது. சுவாதிகா கற்பூரத் தட்டை ஏந்திக்கொண்டு மிஷின் பக்கத்தில் நின்றாள், ஏனென்றால் தட்டு ஏந்துவது பெண்பிள்ளைகள் வேலை. ஆரத்தி முடிந்தது.

“ஒரு சுத்து ஓட்டிப்போடலாமுங்க” என்றார் தாளாளர். “பூசை பண்ணிப்போட்டு ஓட்டாம உட்டா சாமி குத்தமாயிரும்.”

தலைமையாசிரியை தானே ஓடிப்போய் பிளக்கைச் சொருகினார். “ஐயா, மாலைய எடுத்துட்டு…” என்றார் மெய்யரசு, தன் வழக்கமான குரலில். பக்கத்தில் நின்ற எனக்குக் கேட்டது. மேளச் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. நான் சத்தம் போட்டுச் சொல்லியிருப்பேன். அதற்குள் தாளாளர் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டார்.

மாலை ஒரு சுற்று சுற்றியது. பூவெல்லாம் எங்கள் முகத்தில் அடித்தது. மாலையின் நார் பொன்னாடைக் குஞ்சத்தைப் பிடித்தது. பொன்னாடை அவர் கழுத்தோடு சுருண்டு இழுக்க, மனிதர் அப்படியே குனிந்து போனார். முகத்துக்கும் சுற்றுகிற முனைக்கும் ஒரு சாண்கூட இல்லை. எல்லோரும் “ஐயோ ஐயோ” என்றார்கள். நானும் அதைத்தான் சொன்னேன்.

சுவாதிகா தட்டைக் கீழே போட்டாள். பூவுக்கும் சந்தனத்துக்கும் அடியில் எங்கே என்று தேடாமல் சிவப்புப் பொத்தானை ஓங்கி அடித்தாள். மிஷின் நின்றது.

கைப்பையில் இருந்த கத்தரியால் பொன்னாடையை நான்தான் வெட்டிவிட்டேன். கழுத்தில் சிவந்த வடு, மூக்குக் கண்ணாடி சுக்குநூறு. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தோம். மூச்சு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி:

“ஆரு அந்தப் புள்ள? பூசைத் தட்டக் கீழ போட்டது?”

அக்டோபர் 14, திங்கள்

சுற்றறிக்கை வந்துவிட்டது. பூஜை நாளில் ‘மின்கசிவால் சிறு அசம்பாவிதம்’ நடந்ததாம். எனவே ‘பெண் குழந்தைகளின் பாதுகாப்பைக் கருதி’ ஆறு பேரும் டைப்ரைட்டிங் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்கள். வெள்ளிக்கிழமை பெற்றோர் வந்து கையெழுத்துப் போட வேண்டும்.

மாட்டிக்கொண்டது ஒரு ஆம்பளையின் பொன்னாடை. காப்பாற்றியது ஒரு பெண்பிள்ளை. வெளியே போக வேண்டியது பெண்பிள்ளைகள். இந்தக் கணக்கைப் போடுவதற்கும் ஒரு தலை வேண்டும்.

சுவாதிகா அழவில்லை. “மிஸ், தட்டக் கீழ போட்டது தப்புங்களா?” என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் தொண்டை அடைத்துக்கொண்டது. தூசிக்கு அப்படித்தான் ஆகிறது என்று எழுதலாம். இன்று தொழிற்கூடம் பூட்டிக் கிடந்தது, தூசியே இல்லை.

அக்டோபர் 16, புதன்

காலை பஸ்ஸில் தறிக்குப் போகும் பெண்கள் ஏறினார்கள். புடவைக்கு மேல் ஆம்பளைச் சட்டை, கழுத்துவரை பொத்தான். காலமெல்லாம் பார்க்கிற கோலம்தான். ‘உடையும் தோற்றமும்’ பாடத்தில் இப்படித் திரியக் கூடாது என்று உதாரணம் காட்டியே வகுப்பெடுத்திருக்கிறேன்.

இறங்குகிற வரைக்கும் அந்தச் சட்டைகளையே பார்த்தேன். முந்தானை எங்கேயும் தொங்கவில்லை. உடம்பும் எங்கேயும் தெரியவில்லை. மெய்யரசு கேட்பதும் அதில் இருக்கிறது, சுகந்தாமணி அம்மாள் கேட்பதும் அதில் இருக்கிறது. ஊரே மாட்டிக்கொண்டு திரிகிறது, எங்களுக்கு மட்டும் தெரியவில்லை.

மத்தியானம் ஆறு பேரிடமும் அப்பாவின் பழைய சட்டை ஒன்று கொண்டுவரச் சொன்னேன்.

அக்டோபர் 17, வியாழன்

மனையியல் அறையைத் திறந்து தையல் மிஷினைத் தூசி தட்டினேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேலே வெட்டி மடித்தடித்தேன். பாக்கெட்டுகளைப் பிரித்தெடுத்தேன். கீழ்ப்பக்கம் தொங்காமல் இடுப்போடு பிடித்தேன். மெய்யரசை வரச்சொல்லி ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்க்கச் சொன்னேன். இழுத்துப் பார்த்தார். “இது போதுமுங்க மேடம்” என்றார், இந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து.

ஏழாவது சட்டை எனக்கு. வீட்டுக்காரருடையது, நீலக் கட்டம். கேட்டு எடுக்கவில்லை. கேட்டால் கொடுக்க மாட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

புடவைக்கு மேல் நீலக் கட்டச் சட்டையைப் போட்டுக் கழுத்துவரை பொத்தானிட்டுக்கொண்டு பெற்றோர் கூட்டத்துக்குள் போனேன். பின்னால் ஆறு பிள்ளைகள், ஆறு அப்பன் சட்டை. துப்பட்டா இல்லை.

“என்ன மிஸ் இது கோலம்!” என்றார் தலைமையாசிரியை.

“எங்கயாச்சும் ஏதாச்சும் தெரியுதுங்களா மேடம்? பாத்துச் சொல்லுங்க.”

அவர் பார்த்தார். பின்வரிசையில் ஒரு அம்மா சிரித்துவிட்டாள். அவளும் சட்டை போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள், தறியிலிருந்து நேராக.

தாளாளர் ஐயா கழுத்தில் கட்டோடு எழுந்தார். “துணிப் பிரச்சினை இல்லீங்க மிஸ். அந்த மிஷினே ஆபத்தானது. மின்கசிவு…”

“ஐயா கழுத்துல எப்படிக் காயமாச்சுன்னு பெத்தவங்களுக்கு நான் சொல்லட்டுங்களா? மாலையிலிருந்து ஆரம்பிச்சு?”

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே இன்றுதான் தெரியும். அவர் இருமினார். தண்ணீர் குடித்தார். மறுபடி இருமினார்.

“வேண்டாம், வேண்டாம். புள்ளைங்க படிக்கட்டும். ஆனா ஏதாச்சும் ஒண்ணுன்னா பொறுப்பு பூராவும் நீங்கதான், எழுதிக் குடுத்துருங்க.”

“குடுக்கறனுங்க.”

எழுதிக் கொடுத்தேன். பணி ஓய்வுக்கு இன்னும் கொஞ்சம் வருடம் இருக்கிறது. வீடு வந்து சேர்ந்த பிறகுதான் பயம் வந்தது. ஒரு பிள்ளை விரலில் ஒரு கீறல் விழுந்தாலும் போதும், ஆறு பேரும் வெளியே, கூடவே நானும். இந்தப் பிள்ளைகளை மிஷினிடம் விட இத்தனை நாள் துடித்தவளும் நான், இன்றைக்கு நினைத்தாலே நடுங்குகிறவளும் நான். சிரிப்பாக இருக்கிறது.

அக்டோபர் 21, திங்கள்

இன்று பெண்பிள்ளைகள் மிஷினைத் தொட்டார்கள்.

மெய்யரசு ஒரு முறை வைத்திருக்கிறார். யார் ஓட்டுகிறார்களோ அவர்கள்தான் பக்கத்தில் நிற்கிற எல்லோரையும் முதலில் சோதிக்க வேண்டும். சரியில்லாத ஆள் இருந்தால் ஓட்டக் கூடாது. முதல் ஆள் சுவாதிகா. தோழிகளின் தொப்பி, கண்ணாடி, சட்டைக் கை எல்லாம் போலீஸ்காரி மாதிரி பார்த்தாள். பொறுப்பு என்னுடையது என்று எழுதிக் கொடுத்தவள் நாற்காலியில் உட்கார முடியுமா? நானும் போய் அவள் தோள் பக்கத்தில் நின்றுகொண்டேன். காற்று வரட்டும் என்று மேல் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தேன்.

“மிஸ், கொடி.”

எனக்குப் புரியவில்லை.

“கழுத்துல, தாலிக்கொடி. குனிஞ்சா தொங்குதுங்க. கழட்டி வெச்சுட்டு வாங்க, இல்லைன்னா அக்கட்டால போயிருங்க.”

மெய்யரசு ஒரு திருகாணியை எடுத்து ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். ஜூலையிலிருந்து இந்த மிஷின்மேல் எத்தனை தடவை குனிந்திருப்பேன், காக்கிக் கோட்டுக்கு வெளியே அது ஆடுவதை எத்தனை தடவை பார்த்திருப்பார், ஒரு தடவை வாயைத் திறந்திருப்பாரா?

“அது தாலிடி” என்றேன்.

“மிஷினுக்குத் தெரியாதுங்களே மிஸ்.”

“உள்ள விட்டு ஒரு பின் குத்திக்கறேன். போதும்.”

சொன்ன பிறகுதான் என் காதில் விழுந்தது. அட்சரம் பிசகாமல் சுகந்தாமணி அம்மாளின் பேச்சு. இத்தனை மாதம் அந்த அம்மாளை எப்படியெல்லாம் கேலி பண்ணி எழுதியிருக்கிறேன்!

கோபம் கோபமாக வந்தது. ஒரு அறை விட்டிருப்பேன். அவள் கை சிவப்புப் பொத்தான்மேல் இருந்தது, எடுக்கவில்லை. கண்ணைத் தாழ்த்தவும் இல்லை. நான் போகிற வரைக்கும் மிஷினை ஓட்டப் போவதில்லை என்று தெரிந்தது.

நாற்காலிக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். அங்கிருந்துதான் அவள் போட்ட முதல் துளையைப் பார்த்தேன். சரியாகத் தெரியவில்லை. கண்ணாடியில் ஈரம் படிந்திருந்தது.

திமிர் பிடித்த பிள்ளை. பம்பு கம்பெனிக்காரன் என்ன பாடு படப்போகிறானோ.

அக்டோபர் 22, செவ்வாய்

காலையில் குளித்துவிட்டு வந்ததும் கழற்றி பீரோவில் வைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து கழற்றியதில்லை. கழுத்து எடையில்லாமல் என்னவோ போல இருந்தது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கினார். என் கழுத்தை ரொம்ப நேரம் பார்த்தார்.

“கொடி எங்க?”

“பீரோவுல.”

“என்னாச்சு?”

“டிரில்லிங் கிளாஸ் இருக்குது.”

அவர் பேப்பரை மடித்தார். மறுபடி பிரித்தார்.

“என்ர சட்டையாவது திரும்பி வருமா?” என்றார்.

“வராது” என்றேன்.

இன்று சுவாதிகா என்னைத் தலையிலிருந்து கால்வரை சோதித்தாள். கழுத்தைப் பார்த்தாள். தள்ளி நின்று இடம் விட்டாள். பிள்ளைகள் எல்லோர் முன்னாலும் ஒரு துளை போட்டேன். கோணலாகப் போய்விட்டது. “இறுக்கிப் புடிக்கலீங்க மிஸ்” என்றாள். மறுபடியும் போட்டேன்.